உடைந்ததா? உடைத்ததா?



காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கப் போகும் வரை நம் வீட்டில் எத்தனை பொருட்கள் கெடுகின்றன, உடைகின்றன, கிழிகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? பால் திரிந்து போகிறது. தம்ளர் உடைகிறது. பிள்ளையின் சட்டை கிழிகிறது. குடைக்கம்பி ஒடிகிறது. செருப்பு வார் அறுகிறது. இவற்றையெல்லாம் நாம் யோசித்துச் சொல்வதில்லை. வாயில் வருகிறது, சொல்லிவிடுகிறோம்.

இதே சொற்களைத்தான் மனிதர்களைப் பற்றியும் சொல்கிறோம். "அவன் மனசு உடைஞ்சு போச்சு", "அந்தக் குடும்பம் சிதைஞ்சு போச்சு", "அவள் கெட்டுப் போயிட்டாள்" என்கிறோம். தம்ளருக்குச் சொன்ன சொல்லை மனிதருக்குச் சொல்லும்போது என்ன நடக்கிறது? அந்தச் சொல் யாரைத் தாங்குகிறது, யாரைக் குத்துகிறது? இந்தக் கட்டுரையில் அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல்

வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டு சதுரகராதியைத் தொகுத்தபோது அதை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். அவற்றுள் பெயரகராதி ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைத் தருவது. பொருளகராதி ஒரு பொருளுக்கு வழங்கும் பல சொற்களைத் தருவது. அழிவைக் குறிக்கும் வினைச்சொற்களையும் இந்த இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்க்கலாம். முதலில் இரண்டாவது பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருள் தன் முழுமையை இழப்பதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன!

கெட்டியாகவும் முழுமையாகவும் இருப்பது உடையும். குடம், கண்ணாடி, முட்டை, தேங்காய் எல்லாம் உடைபவை. நீரைத் தாங்கி நிற்கும் குளக்கரையும் உடையும். கரை உடைந்து வெள்ளம் ஊருக்குள் வருவதை "உடைப்பெடுத்தது" என்கிறோம். தாயின் பனிக்குடமும் உடையும். வலித்துப் பழுத்த கட்டியும் உடையும். உள்ளே ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு இந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது.

நீளமாக இருப்பது முறியும் அல்லது ஒடியும். மரக்கிளை முறிகிறது. எலும்பு முறிகிறது. முருங்கைக் கொம்பு லேசாக இழுத்தாலே ஒடிந்து கையோடு வந்துவிடுகிறது. கயிறும் நூலும் அறும். துணியும் தாளும் கிழியும். அப்பளம் நொறுங்கும். கட்டிய சுவர் இடியும். பாறையோ கோட்டையோ பெரிய விசைக்கு ஆட்பட்டால் தகரும். மரக்கட்டை பிளக்கும். உருவம் உள்ளது, அதாவது சிலை, ஓவியம், உடல் போன்றது, சிதையும். கூடி இருப்பது கலையும். கூட்டம், மேகம், வாரிய தலைமுடி ஆகியவை கலைபவை. உண்ணும் பொருள் கெடும். சிலேட்டில் எழுதியது அழியும்.

ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுப் பாருங்கள். "சட்டை உடைந்தது" என்று ஒரு சின்னக் குழந்தை சொன்னால் நாம் சிரிப்போம். "கண்ணாடி கிழிந்தது" என்று யாரும் சொல்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் தவறுவதில்லை. எந்தப் பொருள் எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பதைக் கவனித்துத்தான் நம் முன்னோர் அது எப்படி அழிகிறது என்பதற்குச் சொல் கொடுத்திருக்கிறார்கள்.

பொருளிலிருந்து மனத்துக்கு

இனி அடுத்த பக்கத்துக்கு வருவோம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் எப்படி வருகிறது? கண்ணால் காணும் அழிவிலிருந்து கண்ணால் காண முடியாத அழிவுக்கு அந்தச் சொல் நகர்வதால் வருகிறது.

மனம் உடைகிறது. ஏன் கிழிவதில்லை? மனத்தை எதையோ நிறைத்து வைத்திருக்கும் பாத்திரமாக நாம் நினைக்கிறோம். அது உடைந்தால் உள்ளே இருந்த துயரம் வெளியே கொட்டுகிறது. அதனால்தான் வெகுநேரம் அடக்கி வைத்திருந்து அழுபவரை "உடைந்து அழுதார்" என்கிறோம். ஒளித்து வைத்த உண்மையை ஒருவர் சபையில் சொன்னால் "போட்டு உடைத்துவிட்டார்" என்கிறோம்.

மனம் நொறுங்குவதும் உண்டு. உடைந்தது இரண்டு துண்டாகலாம். நொறுங்கியதில் துண்டுகளை எண்ண முடியாது. 51ஆம் திருப்பாடல், கடவுள் ஏற்கும் காணிக்கையாக நொறுங்கிய உள்ளத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லைத் தேர்ந்திருப்பது பொருத்தமானது. தன் நியாயத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு பெரிய துண்டுகூட மிஞ்சாத உள்ளம் அது.

உறவு முறிகிறது. திருமணப் பேச்சு முறிகிறது. நாடுகளுக்கிடையே செய்த உடன்படிக்கை முறிகிறது. இரண்டு முனைகளை இணைக்கும் நீண்ட கொம்பாக உறவைப் பார்ப்பதால் இந்தச் சொல் வந்தது. அதே உறவைக் கயிறாகப் பார்த்தால் "தொடர்பு அறுந்தது" என்கிறோம்.

ஒருவர் பெருந்துயரச் செய்தி கேட்டால் "இடிந்து போய் உட்கார்ந்துவிட்டார்" என்கிறோம். நின்றிருந்த சுவர் சட்டென்று தரையோடு தரையாக ஆவதை அப்படியே காட்டும் சொல் இது. நம்பிக்கை தகர்கிறது. கனவு கலைகிறது. பெயர் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது. பரம்பரைச் சொத்தைக் குடித்தே அழிக்கிறான் ஒருவன்.

நகைச்சுவைக்கும் இந்தச் சொற்கள் பயன்படுகின்றன. "பெரிசா என்ன கிழிச்சிட்டே?" என்று கேட்டால், நீ ஒன்றும் சாதிக்கவில்லை என்று பொருள். கோவிலில் மறையுரை நீண்டு போனால் வெளியே வந்து "இன்னைக்கு ஒரே அறுவை" என்று சொல்லும் இளைஞர்களை நாம் அறிவோம். அருட்தந்தையர்களும் அறிவார்கள்!

அழிக்கும் சொல்லே ஆக்கவும் செய்கிறது

இந்தச் சொற்கள் எல்லாமே கேட்டைக் குறிப்பவை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். நாள்தோறும் நாம் நல்லதற்கும் இவற்றைத்தான் பயன்படுத்துகிறோம்.

இடி என்ற சொல்லைப் பாருங்கள். சுவரை இடிப்பது அழிவு. உரலில் மாவு இடிப்பது உணவு. வானத்தில் இடிப்பது மழைக்கு அறிகுறி. தவறு செய்யும் நண்பனிடம் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வதை "இடித்துரைத்தல்" என்று நம் அறநூல்கள் போற்றுகின்றன. இடித்துச் சொல்பவர் நண்பனை அழிப்பதில்லை. உலக்கை நெல்லை அடிப்பது நெல்லின் மேல் உள்ள பகையால் அல்ல. உமி நீங்கி அரிசி கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கிழி என்ற சொல்லும் அப்படியே. தீக்குச்சியைக் கிழித்தால்தான் மெழுகுதிரியில் ஒளி வரும். நாள்காட்டியில் தாளைக் கிழித்தால்தான் இன்றைய நாள் கண்ணில் படும். கோடு போடுவதையும் "கோடு கிழித்தல்" என்கிறோம். "அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவன்" என்பது பாராட்டாகவும் வரும், சில சமயம் கேலியாகவும் வரும்.

முறி என்ற சொல்லில் ஓர் அழகு இருக்கிறது. நஞ்சின் வேகத்தைத் தடுக்கும் மருந்து "நச்சு முறிவு" மருந்து. நஞ்சு முறிந்தால் உயிர் பிழைக்கிறது. குழந்தைக்குக் கண் பட்டுவிட்டது என்று பாட்டி நெட்டி முறிப்பதில் அன்புதான் இருக்கிறது. அதுமட்டுமல்ல. முறி என்றால் எழுதப்பட்ட ஆவணம் என்றும் பழைய வழக்கு உண்டு. இலங்கையில் அரசு கடன் பெறுவதற்காக வெளியிடும் பத்திரங்களை இன்றும் "திறைசேரி முறிகள்" என்கிறார்கள். வாக்கை முறிப்பதும் முறி, வாக்கைக் காக்கும் ஆவணமும் முறி.

எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமான ஒரு சொல் பிட்குதல். திருப்பலியில் அப்பம் உடைக்கப்படுவதில்லை, பிட்கப்படுகிறது. உடைப்பது வேறு, பிட்பது வேறு. கல்லை உடைக்கலாம், யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. மென்மையான உணவைத்தான் கையால் பிட்கிறோம். பிட்பவர் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கவே பிட்கிறார். ஒரு தோசையை இரண்டாகப் பிட்டு இரு பிள்ளைகளுக்கும் கொடுக்கும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். எம்மாவு ஊருக்குப் போன சீடர்கள் வழியெல்லாம் உடன் நடந்தவரை அறிந்துகொள்ளவில்லை, அவர் அப்பத்தைப் பிட்டபோது அறிந்துகொண்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அப்பம் தன் முழுமையை இழந்தது, ஆனால் அழியவில்லை. பகிரப்பட்டது.

ஆகவே ஒரு செயல் அழிவா ஆக்கமா என்பதைச் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்விதான் நம்மை அடுத்த பகுதிக்கு அழைத்துச் செல்கிறது.

ஓர் எழுத்தில் இருக்கும் வேறுபாடு

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். உருண்டான் என்பது தன்வினை, உருட்டினான் என்பது பிறவினை என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார். தேர்வு முடிந்ததும் பலர் அதை மறந்திருப்போம். ஆனால் இந்த இலக்கணம் நம் வீட்டுச் சண்டைகளில் தினமும் வேலை செய்கிறது.

உடைந்தது, உடைத்தது. முறிந்தது, முறித்தது. கிழிந்தது, கிழித்தது. அழிந்தது, அழித்தது. இடிந்தது, இடித்தது. சிதைந்தது, சிதைத்தது. கலைந்தது, கலைத்தது. ஒவ்வொரு இணையிலும் ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது. மெல்லின எழுத்து இருந்தால் அது தானாக நடந்தது. வல்லின எழுத்து வந்தால் யாரோ செய்தார்கள். நொறுங்கியது, நொறுக்கியது என்பதிலும் இதே முறைதான்.

வீட்டில் கண்ணாடித் தம்ளர் கீழே கிடக்கிறது. எஜமானியம்மாவின் கையிலிருந்து விழுந்திருந்தால் "தம்ளர் உடைஞ்சு போச்சு" என்று சொல்வார். வேலைக்கு வரும் பெண்ணின் கையிலிருந்து விழுந்திருந்தால் "தம்ளரை உடைச்சிட்டா" என்பார். விழுந்த தம்ளர் ஒன்றே, விழுந்த விதமும் ஒன்றே. நமக்கு மெல்லினம், அடுத்தவருக்கு வல்லினம்! ஒரு வார காலம் நம் பேச்சைக் கவனித்தால் இந்தப் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஊறிப் போயிருக்கிறது என்பது தெரியும்.

பொது வாழ்விலும் இதைப் பார்க்கலாம். 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள். அதன் பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடம் பாதுகாப்பானது அல்ல என்று 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. முதல் கட்டடத்துக்கு "இடிந்தது" என்றும் இரண்டாவதற்கு "இடிக்கப்பட்டது" என்றும் எழுதுகிறோம். இலக்கணப்படி இரண்டும் சரி. ஆனால் "இடிந்தது" என்று சொல்லி முடித்துவிட்டால், அதை அப்படிக் கட்டியவர் யார், அனுமதித்தவர் யார் என்ற கேள்வியும் அந்தச் சொல்லோடு முடிந்துபோகிற ஆபத்து இருக்கிறது. புயலில் மரம் முறிவது போலக் கட்டடம் இடிவதில்லை. மனிதர் எடுத்த முடிவுகள் அதன் அடியில் புதைந்திருக்கின்றன.

1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் புயலும் கடலும் தனுஷ்கோடியை அழித்தன. அங்கே கூரையின்றி நிற்கும் பழைய ஆலயத்தின் சுவர்களைப் பலரும் பார்த்திருப்போம். அதைப் பார்த்து "சிதைந்து போயிற்று" என்று சொல்வதில் பொய் இல்லை. அங்கே குற்றம் சாட்ட ஆள் இல்லை. ஆனால் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நேர்ந்ததை "எரிந்து போயிற்று" என்று சொல்ல முடியுமா? ஏறத்தாழ 97,000 நூல்களும் பழைய ஓலைச்சுவடிகளும் அங்கே சாம்பலாயின. அது எரிந்த நூலகம் அல்ல, எரிக்கப்பட்ட நூலகம். தமிழ்ச் சொற்களின் வேர்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் என்ற கத்தோலிக்கக் குரு, அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் துறந்தார். சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்த அந்த மனிதருக்கு "எரிந்தது" என்பதற்கும் "எரித்தார்கள்" என்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

சில வேளைகளில் வல்லின எழுத்து கொடுமையாகவும் மாறும். வயிற்றில் இருந்த பிள்ளையை இழந்த ஒரு பெண்ணைப் பற்றி "கரு கலைஞ்சிருச்சு" என்று சொன்னால் அதில் இரக்கம் இருக்கிறது. தெருவில் யாரோ ஒருவர் அதையே "கலைச்சிட்டாளாம்" என்று மாற்றிச் சொன்னால்? தாங்க முடியாத துயரத்தில் இருப்பவள் மேல் ஒரே எழுத்தால் பெரும் பழி விழுகிறது. சொன்னவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். பழி சுமந்தவளுக்குத் தூக்கம் வருமா?

யார் கெட்டது? யார் கெடுத்தது?

கெடு என்ற சொல் முதலில் பாலுக்கும் மீனுக்கும் உரியது. கெட்டுப் போன மீனை மறுபடியும் நல்ல மீனாக்க முடியாது. தூக்கி எறிய வேண்டியதுதான். இந்தச் சொல்லை மனிதர் மேல் போடும்போது அந்தத் தூக்கி எறியும் எண்ணமும் உடன் வந்துவிடுகிறது.

ஓர் ஆண் ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டுப் போனால் ஊர் என்ன சொல்கிறது? "அவள் கெட்டுப் போயிட்டாள்" என்கிறது. கெடுத்தவன் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. பால் தானாகக் கெட்டது போல அவளும் தானாகக் கெட்டாளாம்.

பத்திரிகைகள் நெடுங்காலம் "கற்பழிப்பு" என்று எழுதி வந்தன. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வினை அழி. யாருடைய எது அழிந்தது? அவளுடைய கற்பு அழிந்தது என்று அந்தச் சொல் சொல்கிறது. குற்றம் செய்தவன் தன் ஒழுக்கத்தை இழந்தான் என்று சொல்லாமல், குற்றத்துக்கு ஆளானவள் எதையோ இழந்துவிட்டாள் என்று சொல்கிறது. அதனால்தான் இப்போது "பாலியல் வன்கொடுமை" என்ற சொல் பரவலாக எழுதப்படுகிறது. கொடுமை என்பது செய்தவனைச் சுட்டும் சொல். ஒரு சொல்லை மாற்றியதால் குற்றம் குறைந்துவிடவில்லை. ஆனால் பழி எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அது சிறிய காரியம் அல்ல.

இதற்கு நேர் மாறான ஒரு சொல்லும் நம் ஊர்களில் உண்டு. கணவனை இழந்த பெண்ணைச் சண்டையில் "தாலி அறுத்தவள்" என்று ஏசுகிறார்கள். அறுந்தது என்றுகூடச் சொல்வதில்லை. அறுத்தவள் என்கிறார்கள்! நோயோ விபத்தோ அவள் கணவனைக் கொண்டு போயிருக்கும். அவள் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் வினைச்சொல் அவளைச் செய்தவளாக ஆக்கிவிடுகிறது. கெடுத்தவன் இருக்கும் இடத்தில் அவனை மறைக்கிறோம். செய்தவரே இல்லாத இடத்தில் ஒரு விதவையைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். இரண்டு இடத்திலும் அடி வாங்குவது பெண்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்திலும் கவனம் தேவை. பெற்றோர் பிரிந்து வாழும் வீட்டுப் பிள்ளையை "உடைந்த குடும்பத்துப் பிள்ளை" என்கிறோம். உடைந்த குடம் மறுபடி குடமாகாது. ஆனால் அந்த வீட்டில் ஒரு தாயோ ஒரு தாத்தாவோ அந்தப் பிள்ளையை முழு அன்போடு வளர்த்துக்கொண்டிருக்கலாம். அங்கே முறிந்தது ஒரு திருமண உறவு. எலும்பு முறிந்தால் நாம் காலை வெட்டி எறிவதில்லை. புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போடுகிறோம் அல்லது மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுகிறோம். முறிந்த எலும்பு கூடும். பொறுமையும் அசையாத ஆதரவும் வேண்டும், அவ்வளவுதான். உடைந்தது என்று எதைச் சொல்கிறோம், முறிந்தது என்று எதைச் சொல்கிறோம் என்பதில் நாம் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை தருகிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது.

வாயில் வரும் சாபங்கள்

நாசமாய்ப் போ, அழிந்து போ, பாழாய்ப் போ, தொலைந்து போ. நான்குமே சாபங்கள். பேருந்து தாமதமாக வந்தால் "பாழாப் போன பஸ்" என்கிறோம். கரண்ட் போனால் "நாசமாப் போன கரண்ட்" என்கிறோம். பேருந்துக்குக் காது இல்லை, அதனால் கேடில்லை.

கிராமத்துப் பாட்டிகளின் வாயில் இந்தச் சாபங்கள் செல்லமாகவும் வரும். "பாழாப் போறவனே, சாப்பிட்டுட்டுப் போடா" என்று சொல்லிக்கொண்டே தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார்கள். அந்தப் பேரன் குழம்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்வான், சாபத்தை அல்ல. சொல்லின் பொருளை அங்கே குரலும் கையும் மாற்றிவிடுகின்றன.

ஆனால் தேர்வில் மதிப்பெண் குறைந்து வந்த மகனிடம், குழம்பும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், "நீ அழிஞ்சுதான் போவே, உருப்படவே மாட்டே" என்று தகப்பனார் சொன்னால் அது வேறு. சிலேட்டில் எழுதியதை ஈரத்துணியால் அழிக்கலாம். பிள்ளையின் மனத்தில் எழுதியதை அழிக்கத் துணி இல்லை. தேர்தலில் விரலில் வைக்கும் அழியாத மைகூடச் சில வாரங்களில் நகத்தோடு வளர்ந்து போய்விடும். பத்து வயதில் கேட்ட ஒரு சொல் ஐம்பது வயதிலும் போகாமல் இருப்பதை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம்.

முதன்மை வினையோடு ஒட்டிக்கொள்ளும் சிறு வினைகளையும் கவனியுங்கள். "உடைந்து போயிற்று" என்றால் வருத்தம். "உடைத்துவிட்டான்" என்றால் செய்தி. "உடைத்துப் போட்டான்" என்றால் குற்றச்சாட்டு. "உடைச்சுத் தொலைச்சான்" என்றால் வெறுப்பு. தம்ளர் ஒன்று, சொல்பவரின் மனநிலை நான்கு. பேசும் பொருளைக் காட்டிலும் பேசுபவரைத்தான் சொல் அதிகமாகக் காட்டிக் கொடுக்கிறது.

நாம் செய்யக் கூடியது

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்யலாம்? தமிழை விட்டுவிட முடியாது, இந்தச் சொற்களையும் விட்டுவிட முடியாது. விட வேண்டியதும் இல்லை. இரண்டு சிறிய பழக்கங்களை முயன்று பார்க்கலாம்.

முதலாவது, நம்மைப் பற்றிப் பேசும்போது வல்லினத்தைப் பயன்படுத்துவோம். "உடைந்துவிட்டது" என்பதற்குப் பதிலாக "நான் உடைத்துவிட்டேன்" என்போம். "எங்களுக்குள் பேச்சு முறிந்துவிட்டது" என்பதற்குப் பதிலாக "நான் முறித்துக்கொண்டேன்" என்போம், அது உண்மையாக இருந்தால். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்வதும் இதுதான். அங்கே யாரும் "பாவம் நடந்துவிட்டது" என்று அறிக்கையிடுவதில்லை. "நான் செய்தேன்" என்றுதான் சொல்கிறோம். அங்கே சொல்லப் பழகியதை வீட்டிலும் சொல்லலாமே. சொன்ன பிறகு கிடைக்கும் மன இலேசு சொல்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, அடுத்தவரைப் பற்றிப் பேசும்போது சற்று நின்று யோசிப்போம். யாரோ உண்மையிலேயே ஓர் எளியவருக்குத் தீமை செய்திருந்தால் அதை மெல்லினத்தில் மறைக்க வேண்டாம். கெட்டது என்று சொல்லிக் கெடுத்தவரைத் தப்பவிட வேண்டாம். ஆனால் யாரும் செய்யாத ஒன்றை ஒருவர் செய்ததாக ஆக்கவும் வேண்டாம். தெரியாதபோது, கை தவறி விழுந்திருக்கலாம் என்று எண்ணுவதில் நமக்கு ஒரு நட்டமும் இல்லை.

இன்று மாலை வீட்டில் ஏதாவது ஒன்று உடையலாம், கிழியலாம், கெட்டுப் போகலாம். அப்போது வாயில் வரும் முதல் சொல்லை ஒரு நொடி நிறுத்திப் பார்ப்போம். உடைந்ததா, உடைத்ததா? உடைத்திருந்தால் யார்? நாமா? பொருள் போனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கும் மனிதரின் மனம் முழுமையாக இருக்கட்டும்.